யாருடா இதைக் கண்டுபிடிச்சது? ஜிப்லைன் வந்த கதை (நீண்ட த்ரெட்)

1/ போன சனிக்கிழமை எம்.பி.பி.எஸ். பேட்ச் நண்பர்கள் நாலு குடும்பமா ஒரு மலை ஊருக்குப் போயிருந்தோம். டியூட்டி மாத்தி, லீவு கெஞ்சி வாங்கி, ரெண்டு வருஷமா வாட்ஸ்அப் குரூப்ல மட்டுமே நடந்துக்கிட்டிருந்த ட்ரிப். அங்கே மரத்துக்கு மரம் கம்பி கட்டி ஜிப்லைன் விட்டிருந்தாங்க. ஏழு கம்பி, எட்டு மேடை.

2/ மூணாவது கம்பியில நண்பனோட பத்து வயசு மகள் போனாள். எடை 26 கிலோ. எதிர் மேடைக்கு இன்னும் பதினைஞ்சு மீட்டர் இருக்கும்போது வேகம் குறைஞ்சு, நின்னு, பின்னாடி சறுக்கி, கம்பி தாழ்ந்திருக்கும் இடத்துல வந்து தொங்கிட்டா. கீழே பள்ளத்தாக்கு. இந்தப் பக்கம் அவங்கப்பா என் கையை இறுக்கிப் பிடிச்சது இன்னும் வலிக்குது.

3/ கைடு தம்பிக்கு 22 வயசு இருக்கும். பதறல. தன் கப்பியை மாட்டிக்கிட்டு, மல்லாந்து தொங்கியபடி கைமாத்திக் கைமாத்திக் கம்பியைப் பிடிச்சு அவகிட்ட போனார். போகும்போதே, "பாப்பா, சைக்கிள் ஓட்டுற மாதிரி காலை ஆட்டிக்கிட்டே இரு"ன்னு சொன்னார். மூணு நாலு நிமிஷத்துல இழுத்துட்டு வந்துட்டார். இவ சிரிச்சிக்கிட்டே இறங்குறா. அவங்கப்பா உட்கார்ந்துட்டான்.

4/ ராத்திரி தீ மூட்டி உட்கார்ந்திருக்கும்போது அவன் கேட்டான்: "யாருடா இதையெல்லாம் கண்டுபிடிச்சது? அந்தத் தம்பி காலை ஆட்டச் சொன்னாரே, எதுக்கு?" கேஷுவாலிட்டில விழுந்து வந்தவங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் இந்தக் கேள்வி ரொம்ப நாளா உண்டு. பதில்தான் இந்த த்ரெட். வரலாறு முதல்ல, கால் ஆட்டுற விஷயம் பிறகு.

5/ முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். கம்பியில தொங்கிப் போறது விளையாட்டா ஆரம்பிக்கல. பாலம் கட்ட வசதியில்லாத ஜனங்களோட போக்குவரத்து அது. சீனாவின் யுன்னான் மாகாணத்துல நூ ஆறு ஆழமான பள்ளத்தாக்குல ஓடுது. அங்கே தலைமுறை தலைமுறையா மூங்கில் நார் கயிறு கட்டி ஆற்றைக் கடந்தாங்க. கயிறு பிறகு இரும்புக் கம்பியாச்சு.

6/ சில இடங்கள்ல ரெண்டு கயிறு கட்டுவாங்க. ஒண்ணு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சரியும், இன்னொண்ணு எதிர்ப்பக்கம் சரியும். ஒண்ணுல போகணும், மத்ததுல வரணும். மரத்துல செதுக்கின ஒரு சறுக்குக் கட்டையைக் கயிற்றுல மாட்டி, அதுல உடம்பைக் கட்டிக்கிட்டுப் போறது. ஆடு, மூட்டை, விதை, நோயாளி எல்லாமே இப்படித்தான் ஆற்றைக் கடந்திருக்கு. இப்போ அங்கே பாலங்கள் வந்துடுச்சு.

7/ நேபாளத்துல இதுக்குப் பேர் 'துயின்'. கம்பியில ஒரு பெட்டி இல்லைன்னா பலகை தொங்கும். அதுல உட்கார்ந்து கயிற்றைக் கையால இழுத்துக்கிட்டே போகணும். பள்ளிக்கூடப் பிள்ளைங்க தினமும் இப்படித்தான் போனாங்க. கப்பியில விரல் சிக்கித் துண்டானவங்க உண்டு. ஆற்றுல விழுந்து செத்தவங்களும் உண்டு. 2015-ல் பிரதமரான கே.பி. ஒலி, ரெண்டு வருஷத்துல எல்லாத் துயின்களையும் எடுத்துட்டுத் தொங்குபாலம் கட்டுவோம்னு அறிவிச்சார். சொன்ன கெடுவுக்குள்ள முடியல.

8/ கொலம்பியாவுல போகோடாவுக்குத் தென்கிழக்கே லாஸ் பீனோஸ்னு ஒரு கிராமம். பள்ளத்தாக்குக்கு மேல சுமார் 400 மீட்டர் உயரத்துல, சுமார் 800 மீட்டர் நீளக் கம்பி. ஒரு சின்னப் பொண்ணு தம்பியைச் சாக்குப் பையில போட்டுத் தன்னோட கட்டிக்கிட்டு, ஒரு கவைக்கட்டையைக் கம்பியில அழுத்தி பிரேக் பிடிச்சு ஸ்கூலுக்குப் போற படம் உலகமெல்லாம் சுத்திச்சு. நம்ம ஆள் காசு கொடுத்துப் பண்றதை அந்தப் பொண்ணு வேற வழியில்லாம பண்ணினா.

9/ அப்போ இது எப்போ வேடிக்கை ஆச்சு? ஐரோப்பாவுல ஒரு பழைய பதிவு இருக்கு. ராபர்ட் கேட்மன்னு இங்கிலாந்துக்காரர். கோபுரத்துல ஏறி வேலை பார்க்கிறது தொழில், கயிற்றுல சறுக்கிறது வித்தை. தேவாலயக் கோபுர உச்சியிலிருந்து தரைவரைக்கும் கயிறு கட்டுவார். நெஞ்சுல பள்ளம் வெட்டின பலகையைக் கட்டிக்கிட்டு, தலை முன்னால இருக்க, கயிற்றுல சறுக்கி இறங்குவார். கீழே கூட்டம் காசு போடும்.

10/ 1739-40 குளிர்காலம். ஷ்ரூஸ்பரி ஊர்ல செவர்ன் ஆறு உறைஞ்சு கிடக்கு. புனித மேரி தேவாலயக் கோபுரம் 200 அடிக்கும் மேல. அங்கிருந்து ஆற்றைத் தாண்டிக் கயிறு. கயிறு அளவுக்கு மீறி இறுக்கமா இருந்துச்சு. தளர்த்தச் சொல்லி இவர் சைகை காட்டினார்னும், கீழே இருந்தவங்க அதைத் தப்பாப் புரிஞ்சு இன்னும் இறுக்கிட்டாங்கன்னும் சொல்றாங்க. கயிறு அறுந்தது. 28 வயசு. தேவாலயச் சுவர்ல இன்னும் அவர் நினைவுக்கல் இருக்கு. அதுவும் இறுக்கின கயிற்றைத்தான் குறை சொல்லுது.

11/ இறுக்கமான கயிறு ஏன் அறுந்துச்சு? தொய்வா இருந்தாத்தானே ஆபத்துன்னு தோணும். கணக்கு நேர் எதிர். 100 மீட்டர் கம்பி நடுவுல 60 கிலோ ஆள் தொங்குறார்னு வைங்க. கம்பி 5 மீட்டர் தாழ்ந்தா அதுல விழும் இழுவிசை சுமார் 300 கிலோ. ஒரே மீட்டர் மட்டும் தாழுற அளவு இறுக்கிக் கட்டினா சுமார் 1,500 கிலோ. ஆள் அதே ஆள்தான், பாரம் அஞ்சு மடங்கு.

12/ அதனால நல்லாக் கட்டின ஜிப்லைன் கொஞ்சம் தொய்வாத்தான் இருக்கும். அந்தத் தொய்வுக்கு ஒரு விலையும் உண்டு. கடைசிப் பகுதியில கம்பி மேல்நோக்கி ஏறும். கனமான ஆள் அந்த ஏற்றத்தைத் தாண்டி மேடைக்கு வந்துடுவார். 26 கிலோ பாப்பா கப்பி உராய்வையும் எதிர்காற்றையும் மீற முடியாம நடுவுல நின்னுடுவா. எங்க மூணாவது கம்பியில நடந்தது இதுதான். கம்பியில கோளாறு எதுவும் இல்ல.

13/ இதுக்கப்புறம் கயிறு ரெண்டு வழியா வளர்ந்தது. ஒண்ணு திருவிழா வேடிக்கை: ஹெச்.ஜி. வெல்ஸ் 1897-ல் எழுதின 'தி இன்விசிபிள் மேன்' நாவல்ல கிராமத் திருவிழாவுல கப்பிக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுச் சரிவுக் கயிற்றுல பாயுற விளையாட்டு வருது. இன்னொண்ணு வேலை: ஆஸ்திரேலியாவுலயும் நியூசிலாந்துலயும் பள்ளத்தாக்கு தாண்டிச் சரக்கு அனுப்பக் கம்பி. அதுக்குப் பேர் 'ஃப்ளையிங் ஃபாக்ஸ்', அதாவது பழந்தின்னி வௌவால். இன்னிக்கும் அங்கே பார்க்குல குழந்தைங்க ஏறுற கம்பிக்கு அதே பேர்தான்.

14/ ஆனா நாம போன மாதிரி, காட்டு மர உச்சியில மேடை கட்டி, மரத்துக்கு மரம் போற ஜிப்லைன்? அது வேற கதை. அதுக்குக் காரணம் சுற்றுலாக்காரங்க இல்ல. பூச்சி தேடினவங்க, பாசி தேடினவங்க, பூ தேடினவங்க.

15/ மழைக்காட்டுல தரையில நின்னா இருட்டு. வெயில் விழுறது மேலே, 100 அடி உயரத்துல இருக்கும் இலைக்கூரையில. பூ, காய், பூச்சி, பறவை, குரங்கு பெரும்பாலும் அங்கேதான். 1970-கள் வரைக்கும் விஞ்ஞானிகள் கீழே நின்னு பைனாகுலர்ல பார்த்தாங்க, இல்லைன்னா மரத்தை வெட்டிச் சாய்ச்சுப் பார்த்தாங்க. ஒரு ஊரைப் பத்தித் தெரிஞ்சுக்க வீட்டை இடிச்ச மாதிரி.

16/ 1974 வாக்குல டொனால்ட் பெர்ரின்னு ஒரு இளம் உயிரியல் ஆய்வாளர் கோஸ்டா ரிகாவின் லா செல்வா காட்டுல ஏற ஆரம்பிச்சார். குறுக்குவில்லால அம்பு எய்து, மெல்லிய நூலைக் கிளைக்கு மேல போட்டு, அதைப் பிடிச்சுத் தடிச்ச கயிற்றை இழுப்பார். பிறகு மலையேறிகள், குகையில இறங்குறவங்க பயன்படுத்துற கருவிகளால கயிறு வழியா மேலே போவார். ஹார்னஸ், கேரபைனர், கயிறேறும் பிடிகள்னு அந்தச் சாமான்கள்தான் காட்டுக்குள்ள வந்தது.

17/ ஒரு மரத்துல ஏறினா அந்த ஒரு மரம்தான் தெரியும். மரங்களுக்கு நடுவுல இருக்கும் வெளிக்கு எப்படிப் போறது? அவரும் ஜான் வில்லியம்ஸ்னு ஒரு பொறியாளரும் மூணு உயர மரங்களுக்கு நடுவே சிலந்தி வலை மாதிரி கயிறு கட்டினாங்க. நினைச்ச இடத்துக்குத் தொங்கிக்கிட்டே போகலாம். 1981-ல் அந்த முறையை ஆய்விதழ்ல வெளியிட்டாங்க. நாம காசு கொடுத்துப் போறது அந்த வலையோட பேரப்பிள்ளை.

18/ அதே காலத்துல இன்னொருத்தர் மேலே ஏறிக்கிட்டிருந்தார். நளினி நாட்கர்னி. அப்பா இந்தியர், அம்மா அமெரிக்க யூதர். கிளைகள்ல படர்ந்த பாசி மெத்தையைப் புரட்டிப் பார்த்தப்போ அவருக்கு ஒரு அதிசயம் தெரிஞ்சது. மரம் தன் கிளையிலிருந்தே வேர் விட்டு, உயரத்துல சேர்ந்திருக்கும் மண்ணுலேருந்து சத்தை உறிஞ்சுது. 1981-ல் 'சயின்ஸ்' இதழ்ல அது வந்தது. தரையில நின்னு பார்த்த யாருக்கும் அது தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல.

19/ 1982-ல் டெர்ரி எர்வின்னு பூச்சியியலாளர் ஒரு கணக்கு போட்டார். பனாமாவுல ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களுக்கு அடியில விரிப்பு கட்டி, மேலே பூச்சிமருந்துப் புகை அடிச்சார். சுமார் 1,200 வகை வண்டு விழுந்தது. அதை வச்சு உலகத்துல 3 கோடி வகைப் பூச்சியினங்கள் இருக்கலாம்னு சொன்னார். பின்னாடி வந்தவங்க அந்த எண்ணை நல்லாவே குறைச்சாங்க. ஆனா காட்டு உச்சிமேல உலகத்தோட கண்ணு விழுந்துடுச்சு.

20/ 1992-ல் ஹாலிவுட்டும் வந்தது. 'மெடிசின் மேன்' படத்துல ஷான் கானரி அமேசான் மர உச்சியில கயிறு, கப்பி கட்டிப் பறந்து புற்றுநோய் மருந்து தேடுவார். டாக்டரா ஒரு குறிப்பு: நிஜத்துல குழந்தைகளோட ரத்தப் புற்றுநோய்க்கு 1960-களிலிருந்து கொடுக்கும் வின்கிரிஸ்டின் கிடைச்சது நித்திய கல்யாணியிலேருந்து. நம்ம ஊர்ல சுடுகாட்டு மல்லின்னு ஒதுக்கி வைப்போமே, அதே செடி. பொதுவா இடுப்பு உயரத்தைத் தாண்டாது.

21/ சரி, விஞ்ஞானி கயிறு எப்படி டிக்கெட் கயிறு ஆச்சு? அதுக்கு மான்டிவெர்டேக்குப் போகணும். அமெரிக்காவின் அலபாமாவுல குவேக்கர்கள்னு போரை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினர் இருந்தாங்க. கட்டாய ராணுவப் பதிவுக்கு மறுத்த நாலு இளைஞர்கள் ஜெயிலுக்குப் போனாங்க. அதே சமயம், 1948-ல், கோஸ்டா ரிகா தன் ராணுவத்தையே கலைச்சுது. 'அங்கே போய் வாழலாம்'னு கிளம்பி, 1951-ல் மான்டிவெர்டே மலையில நிலம் வாங்கி மாடு வளர்த்தாங்க.

22/ தண்ணி வேணும்னா மலை உச்சிக் காடு வேணும்னு அவங்களுக்குப் புரிஞ்சது. வாங்கின நிலத்துல ஒரு பகுதியை வெட்டாம விட்டாங்க. 1972-ல் பக்கத்துலயே மேகக்காட்டுக் காப்பகம் வந்தது. ஆய்வாளர்கள் வந்தாங்க, பின்னாடியே பறவை பார்க்கிறவங்க வந்தாங்க. 1990-கள்ல ஆய்வாளர் கயிறுகளைப் பார்த்து, சுற்றுலாவுக்கான 'கேனபி டூர்' அந்த ஊர்ல பிறந்தது. பெர்ரியே 1994-ல் மர உச்சி வழியா வயசானவங்களும் போற மாதிரி ஒரு ரோப் டிராம் திறந்தார்.

23/ வேடிக்கை என்னன்னா, 'யாரு கண்டுபிடிச்சது'ன்னு என் நண்பன் கேட்ட கேள்வி அங்கே கோர்ட் வரைக்கும் போச்சு. ஒரு கனடாக்காரத் தொழில்முனைவோர் இது என் கண்டுபிடிப்புன்னு காப்புரிமை வாங்கினார். மத்த ஜிப்லைன்காரங்க, கயிற்றுல தொங்கிப் போறது எல்லாருக்கும் பொதுன்னு எதிர்த்தாங்க. வருஷக்கணக்குல வழக்கு. நூ ஆற்றங்கரைக் கிழவி ஒருத்தியைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்.

24/ காட்டுக்கு இதனால நல்லதா? முழுசா இதனாலன்னு சொல்ல முடியாது. 1980-கள்ல கோஸ்டா ரிகாவுல காடு நாட்டின் பரப்புல கால்வாசி அளவுக்குச் சுருங்கியிருந்தது. இன்னிக்குப் பாதிக்கு மேல. 1996 வனச் சட்டம், காடு வச்சிருக்கும் விவசாயிக்கு அரசு கொடுக்கும் பணம், மாட்டிறைச்சி விலை சரிஞ்சது எல்லாம் சேர்ந்த விளைவு. ஆனா நிக்கிற மரத்துக்கும் வருமானம் உண்டுன்னு ஜனங்க கண்ணால பார்த்ததுல சுற்றுலாவுக்குப் பங்கு இருக்கு.

25/ இப்போ என் டிபார்ட்மென்ட். விஞ்ஞானி தன் கயிற்றைத் தானே கட்டினார், தானே சோதிச்சார். துயின்ல போறவனுக்கு அந்தக் கம்பியோட ஒவ்வொரு துருவும் தெரியும். டூரிஸ்ட் ஆன நமக்கு எதுவும் தெரியாது. முன்பின் தெரியாத ஒருத்தர் மாட்டின கொக்கியை நம்பிக் குதிக்கிறோம். இந்த வரலாற்றுல புதுசு இதுதான்.

26/ அமெரிக்காவுல 2001-ல் பொதுமக்களுக்கான வணிக ஜிப்லைன் 10 இருந்துச்சு. 2012-ல் 200-க்கும் மேல. 1997-லிருந்து 2012 வரை அவசரச் சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த ஜிப்லைன் காயங்கள் சுமார் 16,850-ன்னு ஒரு ஆய்வு மதிப்பிட்டது. 2012-ல் மட்டும் 3,600-க்கும் மேல, அதாவது நாளைக்குப் பத்துப் பேர். முக்கால்வாசிக்கு மேல கீழே விழுந்தது. பாதிக்குக் கொஞ்சம் குறைவா எலும்பு முறிவு. பத்து வயசுக்குக் கீழே இருந்த குழந்தைங்க சுமார் 45 சதவீதம். இதுல வீட்டுத் தோட்டத்துல தாங்களே கட்டினதும் அடக்கம்.

27/ அனுபவம் இருந்தா விழமாட்டோமா? 18-ல் சொன்ன நளினி நாட்கர்னி முப்பது வருஷத்துக்கு மேல மரம் ஏறினவர். 2015-ல் வாஷிங்டன் மாநிலக் காட்டுல கயிறு கைவிட்டு சுமார் 50 அடி உயரத்துலேருந்து விழுந்தார். முதுகெலும்பு, விலா, இடுப்பெலும்பு எல்லாம் உடைஞ்சது. பிழைச்சு, மறுபடி மரமும் ஏறினார். நான் இதைப் பயமுறுத்தச் சொல்லல. அனுபவசாலிக்கே ரெண்டாவது பாதுகாப்பு வேணும்னா நமக்கு எவ்வளவு வேணும்?

28/ இப்போ அந்தக் 'காலை ஆட்டு' விஷயம். ஹார்னஸ்ல அசையாம தொங்கினா ரத்தம் காலுக்குள்ள தேங்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை பம்ப் மாதிரி ரத்தத்தை மேலே தள்ளும். தொங்கும்போது அந்த பம்ப் நின்னுடும். மூளைக்கு ரத்தம் குறைஞ்சு மயக்கம் வரலாம். மயங்கின ஆள் நிமிர்ந்த நிலையிலேயே தொங்கிக்கிட்டிருந்தா உயிருக்கே ஆபத்து. 1972-ல் இன்ஸ்ப்ரூக்ல மலை மீட்பு மருத்துவர்கள் கூடிப் பேசினதே இந்த மாதிரி மரணங்களைப் பத்தித்தான்.

29/ அதுக்கப்புறம் ஒரு தப்பான நம்பிக்கை பரவுச்சு: 'தொங்கினவரைக் கீழே இறக்கினதும் படுக்க வைக்காதே, தேங்கின ரத்தம் ஒரேயடியா இதயத்துக்கு வந்துடும்'னு. பயிற்சி வகுப்புகள்லயே சொல்லிக்கொடுத்தாங்க. 2009-ல் பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்புக்காக ஆதாரங்களை அலசிப் பார்த்தப்போ, இதுக்கு ஆதாரமே இல்லைன்னு தெரிஞ்சது. இப்போதைய அறிவுரை எளிமையானது: சீக்கிரம் இறக்கு, மல்லாக்கப் படுக்க வை, மூச்சைப் பாரு, வழக்கமான முதலுதவி செய்.

30/ அந்தத் தம்பி எம்.பி.பி.எஸ். படிக்கல. ஆனா அம்பது வருஷ மருத்துவத்தை ஒரே வரியில பாப்பாவுக்குச் சொல்லிட்டார்: சைக்கிள் ஓட்டுற மாதிரி ஆட்டு. யாரோ அவருக்கு ஒழுங்காப் பயிற்சி கொடுத்திருக்காங்க. வசதியான மேடை, புது ஹெல்மெட்டெல்லாம் விட எனக்கு நிம்மதி கொடுத்தது இதுதான்.

31/ இந்தியாவுல 2009-ல் ராஜஸ்தானின் நீம்ராணா கோட்டையில ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஜிப்லைன் மலை ஊருக்கு ஊர் வந்துடுச்சு. அதனால, நீங்க போனா மேடையில கேட்க வேண்டியவை:
• உடம்புலேருந்து கம்பிக்கு ரெண்டு தனித்தனி இணைப்பு இருக்கா? ஒண்ணு கழன்றாலும் இன்னொண்ணு பிடிக்கணும்.
• கடைசியில பிரேக் என்ன? அது வேலை செய்யலைன்னா ரெண்டாவது பிரேக் என்ன?
• குறைஞ்சபட்ச எடை, அதிகபட்ச எடை என்ன? குறைஞ்சபட்சத்தைக் கேட்க மறந்துடாதீங்க.
• நடுவுல நின்னா யார் வந்து கூட்டிட்டு வருவாங்க?

32/ நீங்க செய்ய வேண்டியவை: முடியைக் கட்டி ஹெல்மெட்டுக்குள்ள விடுங்க. துப்பட்டா, செயின், மோதிரம் கழட்டிடுங்க. கப்பிக்கு முன்னாடி கம்பியில கை வைக்கவே கூடாது, துயின்ல விரல் போனது அப்படித்தான். கர்ப்பிணிகள், சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்க, முதுகெலும்புப் பிரச்சனை உள்ளவங்க வேண்டாம். கம்பி நனைஞ்சா கை பிரேக் சரியாப் பிடிக்காது, மழை வந்தா நிறுத்தச் சொல்லுங்க. முன்னாடி போனவர் மேடையில ஏறி இறங்கினதா சைகை வராம அடுத்தவர் கிளம்பக் கூடாது.

33/ யாராவது விழுந்துட்டா: தூக்கி உட்கார வைக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க, கழுத்தை ஆட்டாதீங்க. 108-க்குக் கூப்பிடுங்க. 'எழுந்து நடந்துட்டார், ஒண்ணுமில்ல'ன்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன கேஸ் மறுநாள் ஸ்ட்ரெச்சர்ல வந்ததை நான் பார்த்திருக்கேன்.

34/ கேள்வி கேட்டா 'பயந்தாங்கொள்ளி'ன்னு நண்பர்கள் கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டும். கேட்மன் கோபுரத்து மேலேருந்து கயிறைத் தளர்த்தச் சொல்லித்தான் சைகை காட்டினார். கீழே இருந்தவங்க காதுல வாங்கியிருந்தா அவர் செத்திருக்க மாட்டார். திருப்தியான பதில் வரலைன்னா படியில இறங்கி வந்துடுங்க. டிக்கெட் காசு போனா போகட்டும்.

35/ அப்புறம் பாப்பா என்ன பண்ணினான்னு கேட்பீங்க. நாலாவது கம்பியில போகமாட்டேன்னு அவங்கப்பாதான் அழிச்சாட்டியம் பண்ணினான். அவ தம்பிகிட்ட போய், "அண்ணா, நான் மறுபடி நின்னுடுவேனா?"ன்னு கேட்டா. அவர், "இந்தத் தடவை நானும் உன்கூட வரேன், ரெண்டு பேர் எடை சேர்ந்தா நிக்காது"ன்னு சொல்லி, ரெண்டு கொக்கியையும் அவளையே இழுத்துப் பார்க்கச் சொன்னார். இழுத்துப் பார்த்தா. அப்புறம்தான் கிளம்பினாங்க.

36/ அடுத்த மாசம் குடும்பத்தோட மலைக்குப் போற பிளான் இருக்கிற யாருக்காவது இதை அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டியூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.